தாத்தா ஊர் நாமக்கல் என்று நிரூபிப்பது எப்படி?

"எங்க தாத்தா ஊரு இங்கதான், நாமக்கல் பக்கம்." பரமத்தி, எம்.மேட்டுப்பட்டி, அந்தப் பக்கம் சேலம் மாவட்டத்துக் குறுக்குப்பட்டி, பவளத்தானூர், நாகியம்பட்டி என்று எந்த இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமுக்குப் போனாலும் இப்படிச் சொல்லும் குடும்பம் ஒன்றாவது இருக்கும். சிலர் ஊர்ப்பெயரே சொல்வார்கள். சிலருக்குக் குலதெய்வத்தின் பெயர் மட்டும் தெரியும். வேறு சிலருக்கு "சேலம் ஜில்லா" என்ற இரண்டு சொல்தான் மிச்சம். தாத்தாவோ பூட்டனோ கிளம்பிப் போன ஊருக்குப் பத்து இருபது மைல் தள்ளி, முப்பது நாற்பது வருஷமாக வெளிநாட்டவராகப் பதிவாகி இருந்துகொண்டிருக்கிறார்கள்.

தாத்தா ஊர் இதுதான் என்றால் குடியுரிமை கொடுக்க வேண்டியதுதானே என்று யாருக்கும் தோன்றும். ஆனால் சட்டம் ஊரைக் கேட்பதில்லை. பிறந்த தேதியைக் கேட்கிறது, பிறந்த இடத்தைக் கேட்கிறது, எந்தத் தாளோடு எல்லைக்குள் வந்தாய் என்று கேட்கிறது. இந்த மூன்றுக்கும் இந்தக் குடும்பங்களிடம் என்ன தாள் இருக்கும், என்ன இருக்காது, ஏன் இருக்காது என்று கொஞ்ச நாளாகப் படித்துச் சேர்த்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு பிரிவினை. முகாமில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே வகை இல்லை. பெரும்பாலோர் மன்னார், வவுனியா, திருகோணமலை, யாழ்ப்பாணம் என வடக்கு கிழக்கைச் சேர்ந்த ஈழத்தமிழர்கள். இன்னொரு பகுதி மலையகத் தமிழர்கள். தேயிலைத் தோட்டத்துக்காக இங்கிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். 1958, 1977 கலவரங்களில் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு வன்னிப் பக்கம் குடியேறி, பிறகு போர் அங்கேயும் வந்ததும் படகேறியவர்கள் இவர்களில் நிறையப் பேர். முகாம்களில் இவர்கள் எண்ணிக்கை ஏறத்தாழ முப்பதாயிரம் என்று சொல்லப்படுகிறது. இந்தக் குறிப்பு முக்கியமாக இவர்களைப் பற்றியது. ஆனால் பிறந்த தேதி பற்றி நான் சொல்லப்போவது இரண்டு கூட்டத்துக்கும் பொருந்தும்.

போகும்போதே தாள் இல்லை

சேலம் ஜில்லாவிலிருந்து இலங்கைக்கும் மலாயாவுக்கும் ஆள் போனதற்குப் பெரிய காரணம் வறட்சி. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் அடிபட்ட அளவு வேறு ஜில்லாக்கள் பல அடிபடவில்லை. 1871 கணக்கெடுப்புக்கும் 1881 கணக்கெடுப்புக்கும் நடுவில் ஜில்லாவின் மக்கள்தொகை கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோனது. செத்தவர்கள் போக மீதி, கிளம்பியவர்கள். கிளம்பியவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாதவர்கள், ஒடுக்கப்பட்ட சாதியினர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம்ம ஊரில் ஒருவர் இன்ன கிராமத்தில் நூறு வருஷத்துக்கு முன் இருந்தார் என்று காட்ட நம்மிடம் உள்ள ஒரே உறுதியான கருவி நிலப்பதிவேடு. செட்டில்மெண்ட் பதிவேடு, பட்டா, கிரயப் பத்திரம். நிலம் இல்லாதவனுக்கு இதில் எதிலும் பெயர் இருக்காது. அவன் வேலை செய்த பண்ணையாரின் பெயர் இருக்கும்.

பிறப்புப் பதிவாவது இருக்குமா? 1899-லேயே சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்குச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் எல்லாக் கிராமத்திலும் கட்டாயமாக இல்லை. மணியக்காரர் எழுதினால்தான் உண்டு. எழுதின இடத்திலும் "ராமன் மகன் ஆண் குழந்தை" என்ற அளவில் ஒரு வரி. நாடு முழுக்கக் கட்டாயம் என்று ஆனது 1969 சட்டத்துக்குப் பிறகுதான்.

சரி, போகும்போது வெள்ளைக்காரன் ஏதாவது எழுதியிருப்பானே? எழுதினான், ஆனால் நமக்குத் தேவையானதை இல்லை. இலங்கைத் தோட்ட முதலாளிகள் 1904-ல் திருச்சியில் ஒரு தொழிலாளர் கமிஷன் அலுவலகம் போட்டார்கள். அந்தக் காலத்தில் புழங்கியது தகர டிக்கெட். கங்காணி ஆள் சேர்த்ததும் ஒவ்வொருவர் கழுத்திலோ கையிலோ ஒரு தகர வில்லை. அதில் ஓர் எழுத்து, இரண்டு எண். எழுத்து இலங்கையில் போய்ச் சேர வேண்டிய பகுதி, முதல் எண் தோட்டம், அடுத்த எண் ஆளின் வரிசை. அதாவது பொருள் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. எங்கிருந்து வருகிறது என்பது அதில் இல்லை. பார்சலில் அனுப்புநர் முகவரி எழுதாமல் விட்ட மாதிரி.

1949: ஊருக்குப் போனாயா?

1948-ல் இலங்கை சுதந்திரம் அடைந்ததும் வந்த குடியுரிமைச் சட்டம் அப்பன் வழியைப் பிடித்தது. அப்பா இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது அப்பா வழித் தாத்தாவும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். தோட்டத்தில் பிறந்தவர்களுக்குக்கூட அப்பா பிறந்ததற்குத் தாள் கிடையாது. லட்சக்கணக்கானவர்கள் ஒரே நாளில் நாடில்லாதவர்கள் ஆனார்கள்.

அவர்களுக்கென்று 1949-ல் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1946 ஜனவரி 1-க்கு முன் மணமானவராக இருந்தால் 7 வருஷம், மணமாகாதவராக இருந்தால் 10 வருஷம் தொடர்ந்து இலங்கையில் இருந்ததைக் காட்ட வேண்டும். நடுவில் ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே போயிருந்தால் தொடர்ச்சி அறுந்தது. மனைவியும் சின்னப் பிள்ளைகளும் அங்கேயே வாழ்ந்திருக்க வேண்டும். இரண்டு வருஷக் கெடு. சுமார் 2.37 லட்சம் விண்ணப்பங்கள், அவற்றில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்கள். கடைசியில் குடியுரிமை கிடைத்தது சுமார் 1.34 லட்சம் பேருக்கு.

இங்கே ஒன்றைக் கவனியுங்க. கல்யாணம், காதுகுத்து, பெத்தவங்க சாவு என்று ஊருக்கு வந்து மழை பெய்யட்டும் என்று ஒரு வெள்ளாமை பார்த்துத் தங்கியவன், மனைவியைப் பிரசவத்துக்கு ராசிபுரத்துக்கு அனுப்பி அங்கேயே விட்டு வைத்தவன், இவனெல்லாம் தோற்றான். ஊர்த் தொடர்பு அறுந்தவன் ஜெயித்தான். எழுபது வருஷம் கழித்து அவன் பேரன் இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, "எங்க தாத்தாவுக்கு ஊரோடு தொடர்பு இருந்தது" என்று காட்ட ஒரு கடிதமோ மணியார்டர் சீட்டோ கிடைக்காதா என்று தேடுகிறான். அன்றைக்கு இருந்தால் கெடுதல், இன்றைக்கு இல்லாவிட்டால் கெடுதல்.

கண்டியில் கொடுத்த பாஸ்போர்ட்

1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம். நாடில்லாத 9.75 லட்சம் பேரில் 5.25 லட்சம் பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3 லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதி 1.5 லட்சம் பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள். 1974-ல் அந்த மீதியை ஆளுக்கு 75 ஆயிரம் என்று பங்கு போட்டார்கள். யார் எந்தப் பக்கம் என்பதை ஆட்கள் விண்ணப்பித்துத் தேர்ந்தார்கள். இந்தியா என்று கேட்டவர்களைக் கண்டியிலிருந்த இந்திய உதவி ஹைகமிஷன் இந்தியக் குடிமக்களாகப் பதிந்து பாஸ்போர்ட் கொடுத்தது.

தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்தவர்களின் கதை தனி. நீலகிரியில் டான்டீ தோட்டம், திரும்பி வந்தோருக்கான ரெப்கோ வங்கி எல்லாம் அந்தக் கதையில் வரும். நமக்கு வேண்டியது கப்பலேறாதவர்கள். பாஸ்போர்ட் கையில் இருந்தது. சேமநிதிப் பணம் வரவில்லை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அடுத்த வருஷம் போகலாம் என்று இருந்தார்கள். 1983 கலவரம் வந்தது. 1984-ல் கப்பல் நின்றது. பிறகு 1985-லோ 1990-லோ மன்னாரிலிருந்து இரவோடு இரவாகப் படகில் வந்து இறங்கினார்கள். மண்டபத்தில் என்ன எழுதினார்கள்? அகதி. படகில் வந்தவர்களை அப்படித்தான் எழுதினார்கள், எல்லாரையும். (இந்த மண்டபம் முகாம் முதலில் கட்டப்பட்டதே தோட்டத்துக்குப் போகும் கூலிகளை நோய் இருக்கிறதா என்று பார்த்துத் தனியே நிறுத்தி வைப்பதற்குத்தான். போன வாசலிலேயே திரும்பி வந்திருக்கிறார்கள்.)

இந்தக் குடும்பங்களில் டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு பழைய இந்தியப் பாஸ்போர்ட் கிடந்தால், மற்ற எல்லாத் தாளையும்விட அது பெரிது. ஏன் என்று சொல்கிறேன்.

மூன்று பிள்ளை, மூன்று சட்டம்

ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். கற்பனைக் குடும்பம்தான். அப்பாவும் அம்மாவும் 1984-ல் படகில் வந்தார்கள். மூத்த பெண் 1986-ல் மண்டபத்தில் பிறந்தாள். நடுப்பையன் 1989-ல் நாமக்கல் அரசு ஆஸ்பத்திரியில். கடைக்குட்டி 2006-ல் அதே ஆஸ்பத்திரியில். மூன்று பேருக்கும் தமிழ்நாடு அரசு கொடுத்த பிறப்புச் சான்றிதழ் உண்டு. மூன்றும் பார்க்க ஒரே மாதிரித்தான் இருக்கும்.

1955 குடியுரிமைச் சட்டத்தின் 3-வது பிரிவுப்படி, 1950 ஜனவரி 26-லிருந்து 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். அப்பா அம்மா யார், எப்படி வந்தார்கள் என்று கேள்வி இல்லை. மூத்த பெண் இந்தியர். அவள் எதற்கும் விண்ணப்பிக்கவே வேண்டாம்.

1987 ஜூலை 1-லிருந்து 2004 டிசம்பர் 3-க்கு முன்புவரை பிறந்தவர் என்றால், பிறக்கும்போது அப்பா அம்மாவில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். நடுப்பையன் இங்கே மாட்டுகிறான். அதன் பிறகு பிறந்தவர் என்றால் இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும். கடைக்குட்டிக்கு இன்னும் இறுக்கம். வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் பற்றிய பேச்சில் 1987 ஜூலை, 2004 டிசம்பர் என்று அடிபட்டதே, அந்தத் தேதிகள் இங்கிருந்து வந்தவைதான்.

இப்போது அந்த டிரங்குப் பெட்டிக்கு வாங்க. அந்த அம்மா 1970-களில் கண்டியில் இந்தியராகப் பதிவு செய்யப்பட்டவர் என்று வைத்துக்கொள்ளுங்க. அப்படியானால் 1989-ல் பிறந்த பையனுக்குத் தாய் இந்தியக் குடிமகள். அவனும் பிறப்பால் இந்தியன். அகதி என்று மண்டபத்தில் எழுதியது அவளுடைய குடியுரிமையை எடுத்துவிடாது. குடியுரிமையைச் சட்டப்படிதான் இழக்க முடியும். அதில் முக்கியமான ஒரு வழி, தானாக விரும்பி இன்னொரு நாட்டுக் குடியுரிமை வாங்குவது.

அங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. 2003-லும் 2009-லும் இலங்கை அரசு, மலையகத் தமிழர்களுக்கு, தமிழ்நாட்டு முகாம்களில் இருப்பவர்கள் உட்பட, குடியுரிமை பெற வழி திறந்தது. நல்ல காரியம். முகாமில் பிறந்த பிள்ளைகளைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணை ஹைகமிஷனில் பதிவு செய்து இலங்கைக் குடியுரிமை வாங்கித்தரும் வேலையை ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் வருஷக்கணக்காகச் செய்திருக்கிறது. திரும்பிப் போக நினைக்கும் குடும்பத்துக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் இங்கேயே இருந்து இந்தியக் குடியுரிமை கேட்க நினைக்கும் குடும்பம், எந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறோம் என்று இரண்டு தரம் யோசிக்க வேண்டும். ஒரு நாட்டுக்கான ஆதாரம் இன்னொரு நாட்டுக்கு எதிரான ஆதாரம் ஆகிவிடும்.

மூத்த பெண்ணின் நிலை ஏட்டில் மட்டும் இல்லை, நடந்தும் இருக்கிறது. 1986-ல் மண்டபத்தில் பிறந்து திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவர் பிறப்பால் இந்தியர் என்று சொல்லிப் பாஸ்போர்ட் கொடுக்க உத்தரவிட்டது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டது பத்திரிகைகளில் வந்தது. அவர் கையிலிருந்த அடிப்படை ஆதாரம் அந்தப் பிறப்புச் சான்றிதழ். 1983 ஜூலைக்கும் 1987 ஜூனுக்கும் நடுவில் தமிழ்நாட்டில் பிறந்த ஒவ்வொரு முகாம்வாசிக்கும் இதே கணக்குத்தான். இந்த நாலு வருஷத்துப் பிறப்பில் பதிவு செய்யாமல் விட்டவர்கள் இருந்தால், முதல் வேலை தாமதப் பதிவு. ஒரு வருஷத்துக்கு மேல் தாமதமான பிறப்புக்கு 2023 திருத்தத்துக்குப் பின் ஆட்சியர், கோட்டாட்சியர் மட்டத்தில் உத்தரவு வாங்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்ட பிறந்த தேதியை மட்டும் வைத்துக்கொண்டு போனால் நிற்காது. ஆதாரும் நிற்காது, அது குடியுரிமைக்கான சான்று இல்லை என்று அதை வழங்குபவர்களே சொல்கிறார்கள்.

அப்பா ஊரை விட்டுட்டு அம்மா ஊரைத் தேடுங்க

பிறப்பால் கிடைக்காதவர்களுக்கு அடுத்த வழி பதிவு. 5-வது பிரிவின் முதல் வகை: இந்திய வம்சாவளியினராக இருக்க வேண்டும், இந்தியாவில் 7 வருஷம் வாழ்ந்திருக்க வேண்டும். 7 வருஷமா? இவர்களுக்கு முப்பத்தைந்து ஆகிறது. அப்புறம் என்ன பிரச்சினை?

'இந்திய வம்சாவளி' என்ற சொல்லுக்குச் சட்டம் கொடுக்கும் பொருள் நாம் நினைப்பது இல்லை. விண்ணப்பதாரரோ, அவருடைய தாய் தந்தையில் ஒருவரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். தாத்தா கணக்கில் வராது. அரசியல் சாசனத்தின் 8-வது பிரிவில் தாத்தா பாட்டியும் உண்டு. ஆனால் அது சாசனம் வந்த காலத்தில் வெளிநாட்டில் இருந்தவர்களுக்கானது. சிங்கப்பூரில் பிறந்த ஒருவர் தாத்தா பாட்டியைக் காட்டி அதே பிரிவில் குடியுரிமை கேட்டபோது, அது சாசனத்துக்குப் பின் பிறந்த வெளிநாட்டவருக்குப் பொருந்தாது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, "எங்க தாத்தா ஊரு நாமக்கல்" என்பது உண்மையாகவே இருந்தாலும், பேரனின் விண்ணப்பத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

ஆனால் "தாய் தந்தையில் ஒருவர்" என்பதை இன்னொரு தரம் படித்துப் பாருங்க. ஊர் தேடுகிறவர்கள் எல்லாரும் அப்பா வழியைத்தான் தேடுகிறார்கள். குலதெய்வம், பங்காளி, தாத்தா பெயர். நம்ம பழக்கம் அது. இலங்கைச் சட்டமும் அப்பன் வழியையே கேட்டுப் பழக்கிவிட்டது. இந்தியச் சட்டத்துக்கு அம்மா போதும். அப்பா வழி மூன்று தலைமுறையாகத் தோட்டத்தில் இருந்தாலும், பெண் எடுத்தது பெரும்பாலும் ஊர்ப்பக்கம்தான். 1939 ஆகஸ்டில் இந்திய அரசு இலங்கைக்கு ஆள் போவதைத் தடை செய்யும்வரை அந்தப் போக்குவரத்து இருந்தது. 1935-ல் மோகனூர்ப் பக்கம் பிறந்து கைக்குழந்தையாகக் கப்பலேறிய ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்க. அவளுக்கு 1960-ல் தோட்டத்தில் பிறந்த மகன் சட்டப்படி இந்திய வம்சாவளி. அவன் மனைவிக்கும் அப்படி ஒரு தாயோ தகப்பனோ இருந்து, இருவரும் பதிவாகிவிட்டால், வயதுவந்த பிள்ளைகளும் அதே 5-வது பிரிவின் இன்னொரு உட்பிரிவில் விண்ணப்பிக்கலாம். எல்லாம் அந்தக் கிழவி பிறந்த இடத்தில் தொங்குகிறது. அவள் பெயர் எந்தப் பட்டாவிலும் இருக்காது. அவள் அண்ணன் தம்பி இங்கேயே இருந்திருந்தால் அவர்கள் வழியில் ஏதாவது இருக்கலாம்: பாகப்பிரிவினைப் பத்திரத்தில் "சிலோனில் இருக்கும் சகோதரி" என்று ஒரு வரி, வாரிசுச் சான்றில் ஒரு பெயர். மாமன் வீட்டைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம்.

தேடும்போது ஜில்லா குழப்பம் வரும். நாமக்கல் தாலுகா 1910-ல் சேலத்திலிருந்து பிரித்துத் திருச்சி ஜில்லாவில் சேர்க்கப்பட்டது. 1929-ல் திரும்பச் சேலத்துக்கு வந்தது. 1997 தொடக்கத்தில் தனி மாவட்டம் ஆனது. ஆகவே ஒரே ஊரில் பிறந்த அண்ணனுக்குத் திருச்சி ஜில்லா, தம்பிக்குச் சேலம் ஜில்லா என்று தோட்டப் பதிவில் இருந்தால் பொய் என்று தள்ளிவிடக்கூடாது. இரண்டும் சரியாக இருக்கலாம். சட்டத்துக்கு எந்த ஜில்லாவாக இருந்தாலும் ஒன்றுதான். எந்த ரெக்கார்டு ரூமில் தேடுவது என்பதற்குத்தான் இது வேண்டும்.

இலங்கைப் பக்கம் கிடைக்கும் தாளில் எனக்கு மிகவும் சுவாரசியமாகப் பட்டது பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். அதில் தாய் தகப்பனின் இனம் என்று ஒரு கட்டம் உண்டு. அங்கே 'இந்தியத் தமிழ்' என்று எழுதியிருக்கும். பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் எழுத ஒரு கட்டம், பூட்டனுக்கும் ஒன்று. இந்தக் குடும்பங்களில் அந்தக் கட்டங்கள் பல நேரம் வெறும் கோடுதான். அன்று அந்தக் கோட்டினால் நாடில்லாமல் போனார்கள். இன்று அதே கோடு, பாட்டன் அங்கே பிறக்கவில்லை என்பதற்கான மறைமுக ஆதாரம். பெற்றோர் மணமானவர்களா என்ற கட்டமும் உண்டு. கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாமல் விட்டவர்களுக்கு அதில் 'இல்லை' என்று விழுந்திருந்தால் தகப்பன் வழியைக் காட்டுவது சிரமமாகும். அப்போதும் அம்மா வழிதான் கைகொடுக்கும்.

பெயர் பிரச்சினை தனி. அங்கே தகப்பன் பெயர் முழுசாக முன்னால் வரும்: கருப்பையா ராமசாமி. இங்கே க.ராமசாமி. முகாம் அட்டையில் எழுதினவர் காதில் விழுந்தபடி ராமச்சாமி. சிங்களத்தில் எழுதி ஆங்கிலமாகி வந்த தாளில் இன்னொன்று. மூன்றும் ஒரே ஆள் என்று தனியாகப் பிரமாணப் பத்திரம் போட வேண்டியிருக்கும். தோட்டத்துக்கும் தமிழில் ஒரு பெயர், ஆங்கிலத்தில் சம்பந்தமே இல்லாத இன்னொரு பெயர். பாட்டி சொல்லும் தோட்டத்தின் பெயரை அப்படியே வைத்துத் தேடினால் எந்தப் பதிவேட்டிலும் கிடைக்காது.

படகு என்ற தடை

இவ்வளவும் சேர்த்தாலும் ஒரு சுவர் நிற்கிறது. பதிவுக்கும் சரி, நீண்டகாலம் வாழ்ந்த அடிப்படையில் கேட்பதற்கும் சரி, 'சட்டவிரோதக் குடியேறி' விண்ணப்பிக்க முடியாது. செல்லத்தக்க பாஸ்போர்ட், விசா இல்லாமல் வந்தவர் எல்லாம் அந்த வரையறைக்குள் வருவார். படகில் வந்தவரிடம் விசா எங்கே இருக்கும்? விண்ணப்பத்தோடு வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டின் நகலும் கேட்கிறார்கள். மண்டபத்தில் அரசே பெயர் எழுதி, அரசே முகாமுக்கு அனுப்பி, அரசே மாதாமாதம் உதவித்தொகை கொடுத்ததற்கான அட்டை இருக்கிறது. எந்த நாளிலிருந்து இங்கே இருக்கிறார்கள் என்பதற்கு அதைவிடத் துல்லியமான ஆதாரம் வேறு யாரிடமும் இருக்காது. ஆனால் அதே அட்டைதான் அவர் எப்படி வந்தார் என்பதற்கும் சாட்சி.

2019 ஜூனில் மதுரைக் கிளை இதைத் தொட்டது. முகாம்களைச் சேர்ந்த 65 மலையகத் தமிழர்கள் தொடுத்த வழக்கு. அவர்களை மற்ற சட்டவிரோதக் குடியேறிகளோடு ஒன்றாக வைக்க முடியாது, விதியைத் தளர்த்த மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு, விண்ணப்பங்களை ஆட்சியர் வழியாக வாங்கிப் பரிசீலியுங்கள் என்று நீதிமன்றம் சொன்னது. பரிசீலியுங்கள் என்றுதான் சொன்னது, கொடுங்கள் என்று இல்லை.

தளர்த்த முடியாததா இது? அதே 2019 டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த ஆறு மதத்தவரைச் சட்டவிரோதக் குடியேறி என்ற பட்டியலிலிருந்து எடுத்தது. இலங்கை அதில் இல்லை. அதன் விதிகள் 2024 மார்ச் 11-ல் வெளியாயின. அவற்றில் ஆவணப் பட்டியலைப் படித்தபோதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். அந்த நாட்டைச் சேர்ந்தவர் என்று காட்டக் காலாவதியான தாளும் செல்லும். பள்ளிச் சான்று, குடியிருப்புச் சான்று, அப்பா, தாத்தா, பூட்டன் வரைக்கும் யாராவது ஒருவர் அந்த நாட்டவர் என்று காட்டும் எந்தத் தாளும் செல்லும். நாட்டுக்குள் வந்த நாளுக்குத் தனியாக இருபது வகைத் தாள். ஏழைகள், ஓடி வந்தவர்கள், பெட்டி தூக்கி வர முடியாதவர்கள் எந்தத் தாளை வைத்திருப்பார்கள் என்று யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதிய பட்டியல் அது. பரமத்தி முகாமுக்கு அந்தப் பட்டியலைக் கொடுத்தால் பாதிக் குடும்பங்கள் ஒரு வாரத்தில் கட்டு கட்டாகக் கொண்டுவந்து வைப்பார்கள் என்பது என் எண்ணம்.

கடைசியாக ஒரு புதிய தாள். 2025 செப்டம்பர் 1-ல் புதிய குடியேற்ற, வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதோடு வந்த விலக்கு ஆணையில், 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாமல் இருப்பதற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு உண்டு. இதை வைத்துக் குடியுரிமை கிடைத்துவிடாது. குடியுரிமைச் சட்டத்தில் உள்ள 'சட்டவிரோதக் குடியேறி' வரையறை அப்படியே இருக்கிறது. ஆனால் 'பதிவு செய்துகொண்ட' என்ற சொல் அதில் இருப்பதால், மண்டபத்தில் கொடுத்த முதல் பதிவுத் தாளுக்கு இப்போது புது மதிப்பு வந்திருக்கிறது. முகாம் மாறியபோதும், குடும்பம் பிரிந்து புது அட்டை வாங்கியபோதும் பழையதைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள் என்றால், முகாம் இருக்கும் வட்டத்தின் தாசில்தார் அலுவலகத்தில் முதல் பதிவு நாளோடு ஒரு நகல் எழுத்தில் கேட்டு வாங்கி வைக்கலாம். அதைக் கேட்கப் போகும் அதே நடையில், எண்பது தொண்ணூறு வயதுப் பாட்டி யாராவது வீட்டில் இருந்தால் அவர் பிறந்த ஊர், அவருடைய அப்பா, அண்ணன் தம்பி பெயர், எந்த வருஷம் கப்பலேறினார்கள் என்பதை அவர் வாயால் சொல்லவைத்து, நோட்டரி முன் பிரமாணப் பத்திரமாக எழுதி வாங்கிவிடுவது நல்லது.